இளமை நட்பின் முறிவும் தமிழ்க் கதையும்

இளமைப் பருவத்து நட்பு முறிதலைப் பொருளாகக் கொண்ட கதைகள் தமிழிற் பெருகவேண்டும் என்பது எமது துணிபு. இஃது அற்பப் பொருள் என்று பெரியோர் சிலர் நகைப்பர். பதினாறாம் வயதில் உயிரனைய தோழனை இழந்தவர் நகையார். காதல் முறிந்தார்க்கு ஆறுதல் கூறப் பாட்டுக்கள் பலவுண்டு. தோழமை முறிந்தார் தம் துயரை வெளியிடவும் நாணுகின்றனர்.

திருவள்ளுவர் 79 முதல் 83 வரையுள்ள ஐந்து அதிகாரங்களை, அஃதாவது 50 குறள்களை, நட்பின் இயல்புக்கு அளித்தார். ஆராய்ந்து கொள்ளும் நட்பும், பொறுத்துப் போற்றும் பழைமையும், விலக்கத்தக்க தீநட்பும் கூடாநட்பும் அங்கே விளங்குகின்றன. எனினும், இருவரும் நல்லவராயிருக்கவே நட்பு தேய்ந்தொழிவது தனியொரு துயரம். அதனை ஆராய்தற்கு ஏற்ற இடம் கதையாகும்.

பாரதத்தில் துரோணரும் துருபதனும் இளமையில் உடன்பயின்றோர். துருபதன் அரசனானபின், சமமல்லாதார்க்குள் நட்பில்லை என்று ஏழைத் தோழரைத் தள்ளினான். அவ்வொரு சொல்லின் பகை குருக்ஷேத்திரம் வரை சென்று, துருபதன் மகன் கையால் துரோணர் மாண்டபின்னரே ஓய்ந்தது. ஆயின் நம்மனோர் நட்புக்கள் போரில் முடிவதில்லை, பேச்சற்று முடிகின்றன. அதனைக் கண்டு எழுதியவர் ஆர். கே. நாராயண். 1935-இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' என்னும் அவரது ஆங்கில நாவலில், கிரிக்கெட் பந்தயத்திற்குச் சுவாமிநாதன் வாராதொழிந்ததால் ராஜம் அவனை வெறுக்கிறான். போலீஸ் அதிகாரியான தந்தைக்கு மாற்றலாகவே ராஜம் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். ரயிலடியில் சுவாமிநாதன் ஒரு புத்தகத்தைப் பரிசளிக்கிறான், வண்டி நகர்கிறது. ராஜத்தின் சினம் தணிந்ததா என்பதைத் தெளிவாய்க் கூறாமலே கதை முடிகிறது. இன்பமாக முடித்திருப்பின் அந்நூல் பொய்யாகியிருக்கும்.

நம் நாட்டில் இதற்குக் கதைப்பொருள் குறைவா? தேவனாம்பட்டினத்துச் செம்படவச் சிறுவனும் மஞ்சக்குப்பத்து அதிகாரியின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஒருவன் சிதம்பரத்துக்கு, 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறான். மற்றவன் தந்தையுடன் கடலுக்குச் செல்கிறான். இடையிலுள்ள தூரம் ஒரு மணிநேரப் பயணமே. ஆயினும் மூன்றாம் மாதத்தில் பேச ஒன்றுமில்லாமற் போகிறது. கைபேசியில் பெயர் இருக்கிறது, அழைப்பு வருவதில்லை. பெண்மக்களிலோ, ஒருத்தியின் படிப்பை நிறுத்தி மணம் முடித்தலோடு தோழியர் இருவர் வாழ்வும் பிரிகின்றது. இவற்றில் குலமும் பொருளும் செய்யும் வேலையை எந்தச் சொற்பொழிவினும் கதை நன்கு காட்டும்.

புதுமைப்பித்தன் 1906-இலும் ஜெயகாந்தன் 1934-இலும் பிறந்தது இக்கடலூர். மௌனி நெடுங்காலம் வாழ்ந்தது சிதம்பரம். சிறுகதைக்கு உரமிட்ட மண்ணில் இப்பொருள் தரிசாய்க் கிடத்தல் தகாது.

இத்தகைய கதைகள் இளைஞர் மனத்தைத் தளர்த்தும் என்பாருமுளர். தளர்ச்சி, தன் துயரம் தனக்கே உரியதென்று எண்ணுவதால் வருவது. பிறனொருவனும் அவ்வழி நடந்தான் என்றறிதலே தேறுதல். ஆதலின் எழுதவல்ல மாணவ மாணவியர்க்கு ஒன்று கூறுவோம்: பிரிந்த தோழனைக் கயவனாக்க வேண்டா, இறுதிப் பக்கத்தில் இருவரையும் வலிந்து கூட்டவும் வேண்டா. அவனும் அன்புடையவனே என்பதை மறவாது, பிரிந்தவாறே எழுதுக.