விதைப் பாக்கெட்டில் ஒளிரும் மை

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் மானாவாரிதான். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தது போலி விதை என்று தெரியவரும்போது பட்டமே கைநழுவிப் போயிருக்கும். பாக்கெட்டில் கியூஆர் கோடு இருக்கிறதே என்றால், அதை நகலெடுக்க ஒரு நல்ல பிரிண்டர் போதும். இருட்டில் ஒளிரும் கரிம வேதிப்பொருள் கலந்த மையைப் போலியைக் கண்டறியப் பயன்படுத்திப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய இடமும் சிவகாசி அச்சுத்தொழில் பக்கத்திலேயே இருக்கும் இந்த வட்டாரம்தான்.

கடைகளில் கிடைக்கும் ஒளிரும் ஸ்டிக்கர்களில் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமங்கள் சேர்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுக்கும் தூள் அது. மணிக்கணக்கில் ஒளிரும், ஆனால் பச்சையையும் நீலத்தையும் தாண்டுவது கடினம். 2017-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ரியோட்டா காபேயும் சிஹாயா அடாச்சியும் அருமண் எதுவுமில்லாமல், இரண்டு கரிமப் பொருட்களை உருக்கிக் கலந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒளிர வைத்தார்கள். ஒளி பட்டதும் ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான் இன்னொன்றுக்குத் தாவுகிறது. அது மெல்லத் திரும்பிச் சேரும்போது ஒளி வெளிப்படுகிறது. கொஞ்சம் சாயம் சேர்த்தால் நிறம் சிவப்பு வரை மாறும் என்று 2018-இல் அதே குழு காட்டியது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் சுபி ஜார்ஜின் குழுவும் அறை வெப்பத்திலேயே பின்னொளி (விளக்கை அணைத்த பின்னும் நீடிக்கும் ஒளி) தரும் கரிமப் பொருட்களை உருவாக்கியிருக்கிறது. நிறத்தை மாற்ற முடிவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் பட்டத்துக்கு ஆரஞ்சு, அடுத்ததற்கு நீலம் என்று மாற்றிக்கொண்டே போனால், போலிக்காரர் கலவையைப் பிடிப்பதற்குள் விற்பனை முடிந்திருக்கும்.

ஆக்சிஜன் பட்டால் இந்த ஒளி அணைந்துவிடுமே என்பார்கள். தொடக்ககாலக் கலவைகளுக்கு அது உண்மை. 2022-இல் அடாச்சி குழு, காற்றிலும் ஒளிரும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே ஒளியேற்றக்கூடிய கலவையை வெளியிட்டது. புற ஊதா விளக்கு தேவையில்லை என்றால், செல்போன் டார்ச்சால் சோதிக்கும் மையை எதிர்பார்ப்பது பேராசை அல்ல. லேபிளுக்கு ஒரு மணி நேர ஒளியும் வேண்டாம். டார்ச்சை அணைத்தபின் நாலைந்து விநாடி, அறிவித்த நிறத்தில் தெரிந்தால் சரி. அசல் பாக்கெட்டிலேயே போலி விதையை நிரப்பினால்? பிரித்தால் மை கிழிந்துபோகும்படி வாய் ஒட்டும் இடத்தில் அச்சிட வேண்டும். இது விஞ்ஞானியைவிட, தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடித்துப் பழகிய சிவகாசி அச்சகத்தாருக்குக் கைவந்த வேலை. லைட்டரால் நலிந்த தீப்பெட்டித் தொழிலை இது காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அத்தனை பேருக்கு இதில் வேலை இல்லை. எனக்குள்ள உண்மையான ஐயம் வெப்பம்தான். சூடு கூடக்கூடப் பின்னொளி சீக்கிரம் மங்கும். ஆகவே வேளாண் துறை சோதனைக்குப் பணம் ஒதுக்கினால், குளிரூட்டிய ஆய்வக முடிவை மட்டும் ஏற்கக் கூடாது. அச்சிட்ட பாக்கெட்டைச் சித்திரை மாதம் முழுக்கத் தகரக் கூரைக் கடையில் கிடத்தி, பிறகு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.