'காலூ' என்றால் என்ன?

குட்டீஸ், உங்கள் வகுப்பில் பட்டப்பெயர் இல்லாதவர் யாராவது உண்டா? குண்டாக இருந்தால் ஒரு பெயர், கண்ணாடி போட்டால் ஒரு பெயர். கறுப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! 'சும்மா ஜாலிக்குத்தானே' என்பீர்கள். இப்படி ஒரு ஜாலியில் பெரிய கிரிக்கெட் வீரர் ஒருவரே மாட்டிக்கொண்டார், தெரியுமா?

அவர் டேரன் சமி. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு 2012, 2016 என இரண்டு முறை டி-20 உலகக் கோப்பையை வென்று தந்த கேப்டன். 2013, 2014 ஐ.பி.எல். போட்டிகளில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். அங்கே சிலர் அவரை 'காலூ' என்று கூப்பிட்டார்கள். (நம் ஊர் கால் இல்லை, இது இந்தி!) கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பு. சமிக்கு இந்தி தெரியாது. வலிமையான குதிரை என்று ஏதோ பாராட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

2020 மே 25 அன்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்தியதில், அவர் இறந்துபோனார். உலகமெங்கும் நிறவெறியைப் பற்றிய பேச்சு கிளம்பியது. அப்போது சமி, இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ஹசன் மின்ஹாஜின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். நம் நாட்டவர்கள் கறுப்பினத்தவரை எந்தெந்தப் பெயர்களால் குறிப்பிடுகிறார்கள் என்று அவர் அதில் சொல்லியிருந்தார். பட்டியலில் 'காலூ'வும் இருந்தது! நம் ஊர் 'கருவாயா' மாதிரி ஒரு சொல் அது. ஆறு வருடம் கழித்து அர்த்தம் புரிந்த சமிக்குக் கோபம் வந்தது. என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் என்னோடு பேசுங்கள் என்றார். ஒருவர் பேசினார். அன்பால்தான் அப்படிக் கூப்பிட்டேன் என்று அவர் சொன்னதை சமியும் ஏற்றுக்கொண்டார்.

அப்புறமென்ன, பிரச்னை முடிந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்பு நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால், அன்பைக் காட்ட எத்தனையோ சொற்கள் இருக்க, நிறம்தான் ஏன் வாயில் வந்தது? அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தச் சொல்லை அவர்கள் அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. சின்ன வயதில் வீட்டிலும் தெருவிலும் கேட்டதுதான்.

நம் வீட்டில் என்ன கேட்கிறோம்? பக்கத்து வீட்டில் பாப்பா பிறந்தால், 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு' என்பார்கள். பாராட்டுத்தான். ஆனால், அந்த 'இருந்தாலும்' எதற்கு? 'சிவப்பா இருந்தாலும் களையா இருக்கு' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? டிராயிங் வகுப்பில் 'ஸ்கின் கலர் கிரேயான் கொடுடா' என்றால் எது வருகிறது? வெளிர் ரோஸ். அதை உங்கள் கைமேல் வைத்துப் பாருங்களேன்!

சென்னைக்காரரான தொடக்க ஆட்டக்காரர் அபினவ் முகுந்த், தன் நிறத்தைப் பலர் கேலி செய்ததை 2017-ல் வெளியே சொன்னார். நாள் முழுக்க வெயிலில் ஆடி நிறம் மாறியதற்காக வருந்தியதே இல்லை என்றும் எழுதினார். சுழற்பந்து வீச்சாளர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணன், சொந்த நாட்டிலேயே வாழ்நாளெல்லாம் நிறத்துக்காக ஒதுக்கப்பட்டதாக 2021-ல் சொன்னார். இந்தியாவுக்காக ஆடியவர்களுக்கே இந்தக் கதி! 1975-ல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம், 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. டப்பாவில் பெயர் மாற்றுவது சுலபம். நாக்கில் மாற்றுவதுதான் கஷ்டம்.

நிறம் மட்டுமில்லை, முக அமைப்பும் உண்டு. மணிப்பூரிலிருந்து வந்தவரிடம் 'நீங்க எந்த நாடு?' என்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? 2020-ல் வடகிழக்கு மாநிலத்தவர்களைச் சில ஊர்களில் 'கொரோனா' என்றே கூப்பிட்டார்கள். இதைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுகிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஏழாம் வகுப்பில் என் பெஞ்ச் நண்பனை 'கரிச்சட்டி' என்றுதான் கூப்பிடுவேன். அவனும் சிரிப்பான். ஒருநாள் அவன் வீட்டு வாசலில் நின்று, 'டேய் கரிச்சட்டி!' என்று கத்தினேன். கதவைத் திறந்தது அவன் அம்மா. நல்ல கறுப்பு நிறம் அவர். 'உள்ள வாப்பா' என்றார். பின்னால் நின்ற நண்பன் என்னைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.