காலியாக ஓர் இடம்
பாடசாலை விடுமுறைக்கு வந்த அக்கா மகன், கணினி விளையாட்டில் ரோலர் கோஸ்டர் கட்டிவிட்டு வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். "எல்லா வண்டியும் நின்னுபோச்சு மாமா." பார்த்தேன். பாதையை நான்கு பிளாக்காகப் பிரித்து, நான்கு வண்டிகளை விட்டிருந்தான். ஒவ்வொன்றும் முன்னால் உள்ள பிளாக் காலியாகட்டும் என்று காத்து நின்றது. பதில் சொல்லாமல் அவனைக் கொட்டகலை ஸ்டேசனுக்குக் கூட்டிப்போனேன். நம்முடையது ஒற்றைத் தண்டவாளம். ஹட்டன் பக்கம் சிங்கமலைச் சுரங்கம். இந்த மலைப்பாதையின் காவல், டேப்லட் என்கிற சிறு வட்டு. அது கைக்கு வராமல் ரயில் கிளம்பாது. அடுத்தடுத்த இரு ஸ்டேசன்களின் டேப்லட் பெட்டிகளும் மின்கம்பியால் பிணைந்தவை. வெளியே போன வட்டு இரண்டில் ஒன்றுக்குள் திரும்பும்வரை இன்னொன்று வெளிவராது. எட்வர்ட் டையர் 1878இல் உருவாக்கிய ஏற்பாடு இது. ரோலர் கோஸ்டர் டைகூன் விளையாட்டை 1999இல் தந்த கிறிஸ் சாயரும், அதற்கு முன்பு 1994இல் டிரான்ஸ்போர்ட் டைகூனில் ரயிலும் சிக்னலும் வைத்துப் பழகியவர்தான். விளையாட்டிலும் விதி அதேதான்: ஒரு பிளாக்கில் ஒரு வண்டி. பிளாக்குகளைவிட வண்டிகள் ஒன்றாவது குறைய வேண்டும். வீடு திரும்பியதும் பையன் ஒரு வண்டியை எடுத்தான். மற்ற மூன்றும் ஓடத் தொடங்கின. எதிர்க் கோச்சிக்காக ஸ்டேசனில் காத்திருக்கும் போதெல்லாம் சலித்துக்கொள்கிறோம். வெறுமையாய்க் கிடக்கும் அந்தத் தண்டவாளம்தான் நம் பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் சேர்க்கிறது. அந்தக் காத்திருப்பை நான் இனி நன்றியோடுதான் நினைப்பேன்.