ஆர்எக்ஸ் 100 வாங்குங்க... ஆனா அதை ‘இன்வெஸ்ட்மென்ட்’னு சொல்லாதீங்க

“அண்ணா, மாசம் 32,000 சம்பளம். ராசிபுரம் பக்கத்துல ஒரு ஆர்எக்ஸ் 100 விலைக்கு வருது. ஒரு லட்சம் சொல்றாங்க. ரெஸ்டோர் பண்ணி வச்சா அஞ்சு வருஷத்துல டபுள் ஆகிடுமாம். பர்சனல் லோன் போடலாமா?”

தொகையும் ஊரும் மாறும், ஆனா இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. ரீல்ஸ் பக்கம் போனா காரணம் புரியும். துருப்பிடிச்ச ஒரு வண்டி முப்பது செகண்ட்ல பளபளன்னு ஆகுது, ஒரு கிக்ல ஸ்டார்ட் ஆகுது, கீழ ஒரு பெரிய விலை ஓடுது. நடுவுல போன ஆறு மாசமும் பில்லும் அந்த முப்பது செகண்ட்ல வராது.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ஆசை இருந்தா, கையில காசும் இருந்தா, தாராளமா வாங்குங்க. லோன் போட்டு வாங்காதீங்க. ‘டபுள் ஆகும்’னு நம்பி வாங்கவே வாங்காதீங்க. ஏன்னு பார்ப்போம்.

அந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவுல 1985 கடைசில வந்துச்சு, 1996ல தயாரிப்பு நின்னுடுச்சு. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன், நாலு கியர். வண்டி எடை ஏறக்குறைய 100 கிலோதான். இவ்வளவு லேசான வண்டிக்கு அந்த பவர் கிடைச்சதாலதான் அன்னைக்கு அது பறந்துச்சு. புகைக் கட்டுப்பாடு இறுகினதும் டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொண்ணா காணாமப் போச்சு. இனிமே ஃபேக்டரில இருந்து ஒரு வண்டிகூட வராது. இருக்கிறது குறைஞ்சுகிட்டேதான் போகும்.

நம்ம பக்கம் இதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி... எங்க திரும்பினாலும் லாரி, பாடி பில்டிங், ரிக் வண்டி, லேத் பட்டறை. இன்ஜினைக் கழட்டி மாட்டுறதை சின்ன வயசுல இருந்து பார்த்து வளர்ந்த ஊர் இது. தென்னந்தோப்புல மரம் அறுக்கிற பவர் சா, அப்பா ஓட்டின டி.வி.எஸ். 50, ஆர்எக்ஸ் 100 எல்லாத்துக்குள்ளயும் இருக்கிறது டூ-ஸ்ட்ரோக்தான். வால்வு, கேம் ஷாஃப்ட் கிடையாது. அதனால ‘நாமளே பார்த்துக்கலாம்’ங்கிற தைரியம் இங்க சீக்கிரம் வந்துடும். அந்த தைரியம் நல்லதுதான், ஆனா பில் கட்டும்போது அது உதவாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு உதாரணம். வண்டி 1,00,000. ரெஸ்டோர் பண்ண 50,000. அதுக்கப்புறம் இன்சூரன்ஸ், சர்வீஸ், ஸ்பேர்னு வருஷம் 10,000. அஞ்சு வருஷத்துல உங்க கையில இருந்து போனது 2,00,000.

இதே பணத்தை 7% எஃப்.டி.ல போட்டிருந்தா? முதல்ல போட்ட ஒன்றரை லட்சம் சுமார் 2,10,000 ஆகியிருக்கும். வருஷா வருஷம் போட்ட பத்தாயிரம் சுமார் 57,500 ஆகியிருக்கும். மொத்தம் கிட்டத்தட்ட 2,68,000. அதாவது, ஒரு லட்சத்துக்கு வாங்கின வண்டியை 2,68,000க்கு வித்தாத்தான் நீங்க எஃப்.டி.யைத் தொடுறீங்க. ரெண்டு லட்சத்துக்கு வித்துட்டு ‘டபுள் ஆச்சு’ன்னு சொல்றவர், உண்மையில போட்ட காசை மட்டும்தான் திரும்ப எடுத்திருக்கார்.

வண்டிக்குச் சாதகமா ஒரு பாயின்ட் இருக்கு, அதையும் சொல்லணும். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற வண்டியை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. எஃப்.டி. வட்டிக்கு வரி உண்டு. ஆனா மாசத்துக்கு ஒரு வண்டின்னு வாங்கி வித்தா அது வியாபார வருமானம், அதுக்கு வரி கட்டணும்.

இப்ப லோன். 1,50,000 ரூபாய், 14% வட்டி, மூணு வருஷம்னு வைங்க. மாசம் சுமார் 5,130 இ.எம்.ஐ. வட்டி மட்டும் 34,500க்கு மேல. 32,000 சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு, மூணு வருஷத்துக்கு, பெரும்பாலும் ஷெட்ல நிக்கப்போற ஒரு வண்டிக்குப் போகுது. இதுக்கு நடுவுல வேலை போச்சுன்னா? வீட்டுல யாருக்காவது ஆஸ்பத்திரி செலவு வந்தா? அரை பவுன் நகை இருந்தா அன்னைக்கே அடகு வச்சுப் பணம் வாங்கலாம். முப்பது வருஷப் பழைய பைக்கை எந்த பேங்க் கவுன்டர்ல வைப்பீங்க? அவசரத்துக்கு விக்கிறவன்னு தெரிஞ்சாலே கேக்கிற விலை பாதியாகிடும்.

‘வின்டேஜ்’னு சொல்றது சட்டப்படி சரியில்ல

விக்கிறவங்க வாயில முதல்ல வர்ற வார்த்தை ‘வின்டேஜ்’. மத்திய அரசு 2021ல கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவு முடிஞ்சு 50 வருஷம் தாண்டின வண்டிதான் வின்டேஜ். அதுக்கு 20,000 ரூபாய் கட்டணம், ‘விஏ’ன்னு தனி நம்பர். அப்படிப் பதிவு பண்ணினா தினசரி ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போகவும் முடியாது. முதல் ஆர்எக்ஸ் 100க்கே 50 வயசு ஆகணும்னா 2035 வரணும். அதுவரைக்கும் சட்டத்தோட பார்வையில அது ஒரு பழைய பைக், அவ்வளவுதான்.

பழைய பைக்குக்கு என்ன செலவுன்னா, 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும். 2025 ஆகஸ்ட்ல இருந்து 20 வருஷம் தாண்டின பைக்குக்கு புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 2022ல நிர்ணயிச்சபடி 75 முதல் 150 சிசி வரை வருஷம் 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இது பெரிய தொகை இல்ல. பிரச்சினை வேற இடத்துல இருக்கு. தேர்டு பார்ட்டி பாலிசி அடிபட்ட அடுத்தவருக்குத்தான். உங்க வண்டி திருடு போனா பத்து பைசா வராது. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். நீங்க போட்ட ஒன்றரை லட்சத்தை அவங்க ஒத்துக்கணுமே!

பணம் எங்க கரையுது?

பெயின்ட், ஸ்டிக்கர், குரோம் எல்லாம் கண்ணுக்குத் தெரியுற செலவு. பட்ஜெட்டைச் சாப்பிடுறது உள்ள இருக்கிறது.

சிலிண்டர் போர் 50 மி.மீ. தேய்ஞ்சா கால் மி.மீ. பெருசா போர் பண்ணி, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. இதுக்கு ஒரு எல்லை உண்டு. கடைசி சைஸ் வரைக்கும் போர் போட்ட வண்டியை வாங்கினீங்கன்னா அடுத்த தடவை சிலிண்டருக்கே வழி தேடணும். அதனால விலை பேசும்போது ‘எத்தனாவது போர்?’னு கேளுங்க. டூ-ஸ்ட்ரோக்ல பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாத்தான் போகும். கிராங்க் ஆயில் சீல்ல காத்து இழுத்தா கலவை வறண்டு, பிஸ்டன் சூடாகிச் சிக்கிடும். அறுபது ரூபாய் சீல், ஆயிரக்கணக்குல வேலை வச்சிடும்.

அப்புறம் ஆட்டோலூப். இந்த வண்டியில ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். நிறைய வண்டியில அந்த பம்பைத் துண்டிச்சுட்டு பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டுவாங்க. வாங்கினவருக்கு அது தெரியாம வெறும் பெட்ரோல் போட்டா, இன்ஜின் சீஸ் ஆகும்.

இப்ப பங்க்ல வர்றது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். எண்பதுகள்ல போட்ட ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் இதுக்காகச் செஞ்சது இல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாசக்கணக்கா நிறுத்தி வச்சா டேங்க் உள்ள துரு, கார்புரேட்டர்ல அடைப்பு. வாரம் ஒரு தடவையாவது ஓட்டணும், ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா கார்புரேட்டர்ல இருக்கிற பெட்ரோலை வடிச்சிடணும். இதுக்கு நேரம் இருக்கான்னு முதல்ல உங்களையே கேட்டுக்கோங்க.

பேப்பர்தான் பாதி வண்டி

இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ் 135 வண்டிக்கு ஆர்எக்ஸ் 100 டேங்க், ஸ்டிக்கர் மாட்டி விக்கிறது நடக்குது. 135 இன்ஜினை 100 ஃபிரேம்ல உக்கார வச்சதும் இருக்கு. ஓட்ட ஜாலியா இருக்கும், ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல புதுப்பிக்கப் போகும்போது நின்னுடும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் கவனிங்க. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரில. ஆர்எக்ஸ் 100 அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. அதனால திருச்செங்கோடோ பரமத்தியோ, முதல் ஓனரோட பழைய ஆர்.சி. புக்ல ‘சேலம் மாவட்டம்’னுதான் இருக்கணும். அசல் பழைய புக்குன்னு காட்டி அதுல நாமக்கல் மாவட்டம்னு இருந்தா, இன்னும் ரெண்டு கேள்வி கூடக் கேளுங்க. பழைய ஹெச்.பி. எண்ட்ரி கேன்சல் ஆகாம இருக்கான்னும் பாருங்க. அந்த பைனான்ஸ் கம்பெனியே இப்ப இல்லன்னா அலைச்சல் உங்களுக்குத்தான்.

பேர் மாத்தாத வண்டியை வாங்கவும் வேண்டாம், பேர் மாத்தாம விக்கவும் வேண்டாம். ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தா நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நீங்க வித்துட்டு மறந்த வண்டி, ஆத்தூர் ரோட்டுல யாரையாவது இடிச்சா நோட்டீஸ் உங்க வீட்டுக்கு வரும்.

அப்பா வண்டி வீட்டுலயே இருந்தா?

அப்ப கணக்கே வேற. வாங்குற செலவு இல்ல, வண்டியோட வரலாறு தெரியும், பேப்பர் வீட்டுல இருக்கும். தயவுசெஞ்சு பழைய இரும்புக் கடை விலைக்குத் தள்ளிடாதீங்க. அப்பா இல்லன்னா, வாரிசு சான்றிதழோட ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பேர் மாத்துற வழி இருக்கு. முதல்ல ஆர்.சி.யை உயிரோட கொண்டு வாங்க. அடுத்து இன்ஜின். பெயின்ட் கடைசில. நிறைய பேர் இதைத் தலைகீழா பண்ணிட்டு, பளபளன்னு நிக்கிற, ரோட்டுல இறக்க முடியாத வண்டியோட உக்காந்திருக்காங்க.

என்னோட விதி நாலு

ஒண்ணு, ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியும் மெடிக்கல் இன்சூரன்சும் ரெடியான பிறகுதான் வண்டி.

ரெண்டு, எஸ்.ஐ.பி.யை நிறுத்தி வாங்காதீங்க. டூர், போன் மாதிரி ஆசைச் செலவுக்கு ஒதுக்குற காசுல, மாசம் மூவாயிரம் நாலாயிரம்னு ஆர்.டி. போட்டுச் சேர்த்து வாங்குங்க. ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள ஆசை போயிடுச்சுன்னா காசு மிச்சம்.

மூணு, மெக்கானிக்கை முதல்ல கண்டுபிடிங்க, வண்டியை அப்புறம். டூ-ஸ்ட்ரோக் சத்தத்தைக் கேட்டே குறை சொல்றவங்களுக்கு இப்ப வயசாகுது. ஞாயித்துக்கிழமை அவங்க பட்டறையில கூட நின்னு கத்துக்கோங்க. வண்டி விலை ஏறலாம் இறங்கலாம், ஆனா அந்தக் கைவேலை உங்களோடயே இருக்கும்.

நாலு, நெட்வொர்த் கணக்கு எழுதும்போது வண்டிக்கு நேரா பூஜ்யம் போடுங்க. நாளைக்கு நல்ல விலைக்குப் போனா அது போனஸ்.

இந்த விலையெல்லாம் எதுல நிக்குதுன்னு யோசிங்க. எண்பது தொண்ணூறுகள்ல இந்த வண்டியைப் பார்த்து ஏங்கினவங்க கையில இப்பத்தான் காசு இருக்கு, அதான் கேக்கிறாங்க. அவங்களுக்கு அறுபது வயசாகும்போது அதே விலை கொடுக்க அடுத்த தலைமுறை வருமா? யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு மாசம் 5,130 ரூபாய் கட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஏற்காடு அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து ஒரு டீ குடிக்கிற சந்தோஷத்துக்கு வாங்கினீங்கன்னா, அந்தக் கணக்குல உங்களுக்கு நஷ்டமே கிடையாது.

உங்க வீட்டு ஷெட்ல பழைய வண்டி இருந்தா, இன்னைக்கே ஆர்.சி. புக்கைத் தேடி எடுத்து, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க. தேதி தாண்டியிருந்தா தாமதத்துக்குத் தனிக் கட்டணம் ஏறிகிட்டே இருக்கும், அந்த வேலையை முதல்ல முடிங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்.