வசூலானால் வளர்ந்ததாகுமா?

குழுக் கடன் வாங்கும் பெண்களில் ஏறத்தாழ எல்லோருமே தவணை தவறாமல் கட்டுகிறார்கள். ஆகவே அந்தப் பணம் தொழிலில் பெருகியிருக்க வேண்டும் என்று பரவலாக நம்பப்படுகிறது. 1983இல் வங்கதேசத்தில் குழுக் கடன் தரும் கிராமின் வங்கி உருவான நாளிலிருந்து வசூல் விகிதத்தையே வெற்றிக்கு அத்தாட்சியாகக் காட்டிவருகிறார்கள். கட்டுகிறார்கள் என்பது உண்மைதான். எதை எடுத்துக் கட்டுகிறார்கள்? தையல் மெஷின் வாங்கக் கடன் எடுப்பவருக்குப் பணம் கைக்கு வந்த ஓரிரு வாரத்தில் முதல் தவணை வந்துவிடுகிறது. மெஷின் வந்து, தெருவுக்குத் தெரிந்து, தைத்த ஜாக்கெட்டுக்குக் கூலி கைக்கு வருவதற்குள் ஐந்தாறு தவணை ஓடிவிடும். அதுவரை வாங்கிய கடனிலிருந்தே கொஞ்சம் எடுத்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் கணவரின் கூலி, அதுவும் போதாவிட்டால் மூக்குத்தி, கடைசியில் இன்னொரு குழுவின் கடன். எந்த வழியில் வந்தாலும் பதிவேட்டில் விழுவது ஒரே வரவுதான்.

கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலிய பொருளியலாளர்கள் நடத்தி, 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையின் அடிப்படையையே ஆட்டுகிறது. அதில் கடன் வாங்கியவர்களில் சிலருக்கு வழக்கம்போல் இரண்டு வாரத்தில் முதல் தவணை; சிலருக்கு இரண்டு மாதம் அவகாசம். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள். மூன்றாண்டு கழித்து அவர்களுடைய லாபம் மற்றவர்களைவிட 40 விழுக்காட்டளவு கூடியிருந்தது. அவர்களிடம்தான் கடன் பாக்கியும் கூடியிருந்தது! துணிந்து முதல் போட்டால் சிலருக்கு நட்டம் வரும், தொழிலென்றால் அப்படித்தான். துளியும் பாக்கி விழாத கடன், துணியவே விடாத கடன். ஆந்திராவில் தவணை வசூலே முடங்கிய 2010 குழுக் கடன் நெருக்கடிக்குச் சற்று முன்புவரை வசூல் நூற்றுக்கு நூறை நெருங்கியே இருந்தது என்பதையும் இங்கே மறக்கக் கூடாது.

பாக்கி கூடினால் கடன் கொடுக்கும் நிறுவனம் எப்படி நிற்கும், அது போனால் கந்துவட்டிக்காரரிடம்தானே போவார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் பயிர்க்கடனுக்கு அறுவடையை ஒட்டித்தானே கெடு வைக்கிறோம்? விதைத்த மறுவாரம் விவசாயியிடம் யாரும் தவணை கேட்பதில்லை. பயிர் பொய்த்தால் வரும் இழப்பைத் தாங்கக் காப்பீடும் அரசின் பங்கும் இருக்கின்றன. இட்லிக் கடைக்கும் தையலுக்கும் அந்த நியாயம் ஏன் கிடையாது? 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி, மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. அளவுகோல் குடும்பத்தின் வருமானம், கடையின் வருமானம் அல்ல. தவணை எங்கிருந்து வருகிறது என்பது விதி வகுத்தவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. தொழிலுக்கென்று கொடுக்கும் கடனுக்கு முதல் இரண்டு மாதம் தவணை வேண்டாம். ஓராண்டு கழித்து வருகிற வசூல்காரர், பதிவேட்டைத் திறக்கும் முன் அந்த மெஷின் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.