நெட்டுருவில் நசுங்கும் நற்றமிழ்!

கோழிக்குத் தீனியை அளந்து கொட்டுவர். முட்டையை எண்ணி எடுப்பர். பண்ணைக்கு அது முறை. பள்ளிக்கும் அதுவே முறையா? இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடையை ஊட்டி மதிப்பெண் பெற்ற உறைவிடப் பள்ளிகளைக் 'கோழிப்பண்ணைப் பள்ளிகள்' என்று நாடே எள்ளியது. 2017-இல் அரசு முதலிடப் பட்டியலை நிறுத்தியது. நெட்டுரு நோயோ நிற்கவில்லை. தொடக்கப் பள்ளித் தமிழ் வகுப்பையும் அது பற்றி நிற்கிறது.

பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த மண் இது! ஒவ்வொரு சொல்லையும் 'ஏன்? எங்கிருந்து?' என்று வினவியவர் வாழ்ந்த மண்ணில், 'கேளாதே, ஒப்பி' என்பது எத்துணை இழுக்கு!

1969-இல் கனடாவின் மெக்மாசுட்டர் பல்கலைக்கழகம், மருத்துவ மாணாக்கர்க்கு நூலை முன்வைக்காமல் நோயாளியின் சிக்கலை முன்வைத்துக் கற்பிக்கத் தொடங்கியது. அச் சிக்கல்வழிக் கற்றலை இன்று இந்தோனேசியத் தொடக்கப் பள்ளிகளில் மொழிப்பாடத்துக்கே கையாள்கின்றனர். அங்குள்ள குழந்தைகளுட் பலர் வீட்டில் பேசுவது சாவகமோ சுண்டாவோ. பள்ளியில் கற்பது வேறொரு மொழி. வீட்டில் பேசாத மொழிக்கே இம்முறை கைகொடுக்குமாயின், தாய்மடியிலேயே தமிழ் பேசும் நம் குழந்தைக்கு அஃது எத்துணை எளிது!

2007-08-இல் தமிழகமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல் நன்முயற்சியே. ஆயினும் அட்டை கேட்டதற்குக் குழந்தை விடை தந்தது. ஊர் கேட்பதற்கு விடை தேடவில்லை.

மரவள்ளி விளையும் சிற்றூர் ஒன்றின் ஐந்தாம் வகுப்பை எண்ணுக. சவ்வரிசி ஆலைக் கழிவுநீர் ஓடையிற் கலக்கிறது. 'என் செய்யலாம்?' என்று ஆசிரியர் வினவுகிறார். ஒரு குழு உழவரிடம் கேட்கிறது. ஒரு குழு ஆலைத் தொழிலாளரிடம் கேட்கிறது. மடை, மதகு, வாய்க்கால், ஊற்று என வழக்குச் சொற்கள் வந்து குவிகின்றன. இரு பக்கமும் பேசிச் சொற்போர் நிகழ்கிறது. முடிவில் ஊராட்சித் தலைவர்க்கு விண்ணப்பம் எழுதுகின்றனர். பிழையாக எழுதினால் பொருள் மாறும் என்பதைக் கண்ட குழந்தைக்கு ஒற்றுமிகும் இடத்தைத் திணிக்க வேண்டுவதில்லை, அதுவே கேட்கும்.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பர் சிலர். கட்டுரையை ஒப்பித்தவன் தன் தெருக்குழாய் வறண்டால் நான்கு வரி எழுதத் திணறுகிறானே, அந்த ஒப்பிப்புக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? 'ஆங்கிலவழியில் இதைச் செய்யலாமே' என்பர் வேறு சிலர். உழவர் வாய்மொழியை எந்த ஆங்கிலத்தில் கேட்பது? சிந்திக்கும் மொழியிலன்றோ சிக்கல் தீரும்!

தமிழன்பர்களே! 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. சட்டம் தமிழை வகுப்பறைக்குள் கொணரும். குழந்தையின் நெஞ்சுக்குள் கொணர்வது கற்பிக்கும் முறையே. மேடையில் தமிழை வாழ்த்தினாற் போதாது. உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். 'எத்தனை மதிப்பெண்?' என்னாதீர், 'எந்தச் சிக்கலைத் தமிழால் ஆராய்ந்தீர்கள்?' என்று கேளுங்கள். ஒப்பிக்கும் தமிழ் தேர்வோடு மாளும்; வினவும் தமிழே வாழும்!