அணுக்களை எண்ணிவிட்டு மாத்திரை கொடுங்கள்

"எல்லா மருந்துக்கும் பக்க விளைவு உண்டு சார்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். உண்டுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வரப்போவதை முன்னாலேயே கண்டுபிடிக்க வழி இருந்தும் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு இப்படிச் சொன்னால், அது விளக்கம் இல்லை, சால்ஜாப்பு.

குடல் அழற்சி நோயையே எடுத்துக்கொள்வோம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்று இப்போது நம் பக்கமும் அடிக்கடி காதில் விழுகிறது. இவற்றை நீண்ட காலம் கட்டுக்குள் வைக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று அசாதியோபிரின். நல்ல மருந்து. விலையும் அதிகமில்லை. ஆனால் சிலருக்கு இது எலும்பு மஜ்ஜையை முடக்கி, ரத்தத்தில் வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்.

இது யாருக்கு வரும் என்பது வெறும் தலைவிதி இல்லை. என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் உள்ள மாறுபாட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஐரோப்பியரிடம் அரிதான இந்த மாறுபாடு ஆசியர்களிடம், நம்மவர்களையும் சேர்த்து, அதிகம். நம் ஊர்ப் பெரிய ஆய்வகங்களில் இந்தச் சோதனை கிடைக்கிறது. அது முடியாவிட்டாலும் சாதாரண ரத்த அணுக்கள் சோதனை இருக்கிறதே! முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த இரண்டு மாதம் மாதத்துக்கு இரண்டு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

என் தங்கை மகனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. வீட்டில் ஷாம்பூவை மாற்றினார்கள். அது ஒரு எச்சரிக்கை மணி என்று தெரிந்திருந்தால், காய்ச்சலில் விழும்வரை காத்திருப்பார்களா?

"எல்லாம் சொன்னால் நோயாளி பயந்து மருந்தை விட்டுவிடுவார்" என்கிறார்கள். சொல்லாமல் கொடுத்து, அவர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால், பிறகு எந்த மருந்தைத்தான் நம்புவார்? "இங்கிலீஷ் மருந்தே விஷம்" என்று பேசித் திரிபவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது இந்த மௌனம்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. மூட்டில் யூரிக் அமிலம் என்று அலோபூரினால் சாப்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதோடு அசாதியோபிரின் சேர்ந்தால் அதன் வேகம் பல மடங்கு ஏறும். அளவை மூன்றில் ஒன்று அல்லது நாலில் ஒன்றாகக் குறைத்தாக வேண்டும். நாம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று கேட்காமலே சீட்டு எழுதினால், நாமே சொல்ல வேண்டியதுதான். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் மருந்துக் கடையில் வாங்குவதையும் நிறுத்த வேண்டும்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பிவிடும். "ரத்தச் சோதனை எப்போது டாக்டர்?" என்று கேளுங்கள். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அன்றே போங்கள். பக்க விளைவு வந்தால் அரசின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே தெரிவிக்கலாம். தெரிவியுங்கள். யாரும் சொல்லாவிட்டால் கணக்கில் அது வரவே வராது.